லைன் வண்டியில் புது டிரைவருக்கு மாதம் 45,000 கிடைக்குமா?

தம்பியின் கேள்வியை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். வயது 23. தர்மபுரி பக்கம் ஊர். ஐ.டி.ஐ. முடித்துவிட்டு ஓசூரில் ஒரு தொழிற்சாலையில் ஒப்பந்த வேலை, பிடித்தம் போகக் கையில் 17,000. ஹெவி லைசென்ஸ் எடுத்து ஆறு மாதம் ஆகிறது. நாமக்கல்லில் ஆள் பிடித்துக் கொடுக்கும் ஒருவர், "லைன் வண்டியில் ஏறு, மாதம் 45,000 நிச்சயம்" என்கிறாராம். லைன் வண்டி என்றால் வெளிமாநிலங்களுக்கு லோடு அடிக்கிற லாரி. நம்பலாமா என்று கேட்டிருக்கிறார். சம்பளத்தைப் பற்றிய கேள்வி மாதிரி இருந்தாலும், ஓசூர் வேலையை விட்டுவிடலாமா என்பதுதான் அடியில் இருக்கிற கேள்வி. என் பதில் இதுதான். அந்த 45,000 பொய் இல்லை. ஆனால் அது உங்கள் பணம் இல்லை தம்பி. யாருடைய பணம் என்று சொல்லிவிட்டால் வேலையை விடலாமா என்பதற்கும் பாதி பதில் கிடைத்துவிடும்.

நான் 9 வருஷம் லைன் ஓட்டினேன். இடுப்பு போனதால் வண்டியை விட்டு இறங்கி, 12 வருஷமாகச் சங்ககிரியில் ஒரு லாரி ஆபீஸில் கணக்கு பார்க்கிறேன். 14 வண்டி. நடை முடித்து வருகிற டிரைவர் என் மேசைக்கு எதிரே உட்கார்ந்துதான் கணக்கு முடிப்பார். ஆகவே நான் சொல்வது நாமக்கல், சங்ககிரி, திருச்செங்கோடு வட்டாரத்து வழக்கம், அதுவும் 10 வீல் முதல் 16 வீல் வரையான சாதாரண லோடு வண்டி. கேஸ் டேங்கர் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் கூட ஓட்டியவர்கள் சொல்லக் கேட்டது. வளைகுடா டிரெய்லர் வேலையைப் பற்றி நான் வாயே திறக்க மாட்டேன்.

லைன் வண்டியில் மாதச் சம்பளம் என்ற பேச்சு குறைவு. இங்கே ஓடுவது நடைக் கணக்கு. லோடு ஏற்றிப் போய் இறக்கி, ரிட்டன் லோடு பிடித்து ஊர் திரும்பினால் ஒரு நடை. அந்த நடைக்கு வந்த மொத்த வாடகையில் நூற்றுக்கு இவ்வளவு என்று டிரைவர் படி. நான் பார்த்த வரையில் 10 முதல் 15 சதவீதத்துக்குள் பேசி முடிப்பார்கள். 15 என்று கேட்டதும் சந்தோஷப்பட்டுவிடாதீர்கள். அதிகமாகத் தருகிற ஓனர் தார்ப்பாய் கட்டும் கூலி, இறக்குமிடத்து மாமூல், பார்க்கிங், சில இடங்களில் பஞ்சர் செலவைக்கூட அந்தப் படிக்குள்ளேயே அடக்கிவிடுவார். 10 சதவீதம் கொடுத்து, வழிச் செலவைத் தனியாக எழுதிக்கொள் என்று சொல்லும் ஓனரிடம் டிரைவருக்கு அதிகம் மிஞ்சியதை நான் பல முறை பார்த்திருக்கிறேன்.

ஒரு நடையைப் போட்டுப் பார்ப்போம். வாடகை வாரத்துக்கு வாரம் மாறும், அதனால் கணக்கு விளங்குவதற்காக ஒரு தோராயமான விலையை எடுத்துக்கொள்கிறேன். சேலத்தில் ஜவ்வரிசி ஏற்றி நாசிக் போகிறோம். மராட்டியர்களுக்கு விரத நாளில் ஜவ்வரிசிக் கிச்சடி இல்லாமல் முடியாது, அதனால் அந்தப் பக்கம் இந்த லோடு ஓடிக்கொண்டே இருக்கும். 12 வீல் வண்டி, 25 டன், டன்னுக்கு 2,800 என்றால் 70,000. தொப்பூர் ஏறி, கிருஷ்ணகிரி, உங்கள் ஓசூர், பெங்களூரு, தும்கூர், ஹூப்ளி, பெல்காம், கோலாப்பூர், புனே, நாசிக். 1,250 கிலோமீட்டர் சொச்சம். திரும்பும்போது லாசல்கான் பக்கம் வெங்காயம் ஏற்றிக் கோயம்பேடு. அதற்கு டன்னுக்கு 3,200 கிடைத்தது என்று வைத்துக்கொண்டால் 80,000. மொத்த வாடகை ஒன்றரை லட்சம், 12 சதவீதப் படி 18,000. சென்னையில் இறக்கிவிட்டு ஊர் வந்து சேரும்போது 3,000 கிலோமீட்டர் ஓடியிருக்கும். ஏற்ற, இறக்கக் காத்துக் கிடந்ததையும் சேர்த்து 10 நாள். அடுத்த லோடு கிடைக்க ஒன்றிரண்டு நாள் ஆகும், ஆக மாதம் இரண்டரை நடை. 18,000-ஐ இரண்டரையால் பெருக்கிப் பாருங்கள். 45,000.

உங்களிடம் சொன்னவர் இந்தக் கணக்கைத்தான் சொல்லியிருப்பார். இது அந்த வண்டியின் டிரைவர் சீட்டுக்கு வருகிற மொத்தப் படி. சாப்பாடு கழியவில்லை, பிடித்தம் கழியவில்லை, பங்கு கேட்க இன்னொரு ஆள் இல்லை, வண்டி எங்கும் படுக்கவில்லை. பழுத்த டிரைவர் ஒருவர் ஒற்றை ஆளாக ஓட்டுகிற நல்ல மாதம் அது. ஆறு மாத லைசென்ஸ்காரரை நம்பி அரைக் கோடியைத் தொடும் வண்டியையும் அடுத்தவர் சரக்கையும் தனியாக அனுப்ப எந்த ஓனருக்கும் மனசு வராது. அனுப்பினால் அந்த ஓனரைப் பற்றித்தான் நீங்கள் யோசிக்க வேண்டும். டிரைவிங் ஸ்கூலில் நீங்கள் ஓட்டியது காலி வண்டி. 25 டன் ஏறிய வண்டி, பிரேக்கை மிதித்த இடத்தில் நிற்காது. எங்கே நிற்கும் என்பது ஓட்டி ஓட்டிக் காலுக்குத் தெரிய வேண்டிய விஷயம்.

அதனால் உங்களுக்குக் கிடைக்கப்போவது இரண்டாவது சீட், எங்கள் பாஷையில் மாத்து டிரைவர். சில வண்டிகளில் படியைச் சரிபாதியாகப் பிரித்துக்கொள்வார்கள், ஆனால் புது ஆளுக்கு அப்படி நடப்பது அபூர்வம். 18,000-இல் பெரியவர் 11,000 எடுத்துக்கொண்டு உங்களுக்கு 7,000 கொடுத்தால் அதுவே நியாயமான பங்கு. இரண்டரை நடைக்கு 17,500. இதில் சாப்பாட்டைக் கழியுங்கள். வண்டியின் பக்கவாட்டுப் பெட்டியில் ஸ்டவ், அரிசி, புளி, மிளகாய்ப் பொடி எல்லாம் வைத்துச் சமைத்துச் சாப்பிட்டால் ஆளுக்கு ஒரு நாளைக்கு 200 ரூபாயில் ஓட்டிவிடலாம். மூன்று வேளையும் தாபா என்றால் 400 தாண்டும். சமைக்கிற கணக்கிலேயே 25 நாளுக்கு 5,000 போய்விடும். வீட்டுக்கு வருவது 12,500. நடை நன்றாக அமைந்தால் 18,000 வரை பார்க்கலாம், கெட்ட மாதத்தில் 10,000-க்கும் கீழே இறங்கும். புது ஆளுக்கு மாதம் 15,000 என்று நிலையாகப் போட்டு, சாப்பாட்டுக் காசைத் தனியாகத் தருகிற ஆபீஸ்களும் இருக்கின்றன. கிடைத்தால் முதல் வருஷத்துக்கு அதை எடுத்துக்கொள்ளுங்கள்.

கெட்ட மாதம் என்று சொன்னேனே, அது எப்படி இருக்கும் என்று என் கதையையே சொல்கிறேன். ஏறிய முதல் வருஷம், இதே மாதிரி மாத்து டிரைவர். வெங்காயம் ஏற்றப் போன இடத்தில் ஐந்து நாள் விடாத மழை, மண்டியில் ஏலமே நடக்கவில்லை. வண்டிக்குள்ளேயே படுத்துக் கிடந்தோம். ஒருவழியாக ஏற்றிக்கொண்டு வந்தால் வழியில் தார்ப்பாய் கிழிந்து, மேல் வரிசை மூட்டைகள் நனைந்து அழுகிவிட்டன. ஊர் வந்து சேர 17 நாள். அன்றைய ஓனர் நடை நோட்டைப் பிரித்து, பச்சை மையில் ஒவ்வொரு வரியாக எழுதிக் கழித்துக்கொண்டே வந்தார். தார்ப்பாய் கிழிசல் 600. மூட்டை அழுகலில் என் பங்கு 350. ஏற்கெனவே வாங்கிய முன்பணம் 1,500. கடைசி வரியில் 1,140 ரூபாய் நின்றது. மழைக்கு நான் என்ன செய்வேன் என்று கேட்க வாய் வரவில்லை, வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். இப்போது நான் அதே மாதிரி மேசையில் உட்கார்ந்திருக்கிறேன். தார்ப்பாய்க் கிழிசலை டிரைவர் தலையில் எழுதுவதில்லை என்பதை மட்டும் எங்கள் ஓனரிடம் சண்டை போட்டு வாங்கி வைத்திருக்கிறேன்.

இத்தனை வருஷக் கணக்கில் எனக்கு உறுதியாகத் தெரிந்த ஒரு விஷயம், டிரைவரின் வருமானம் நடை எண்ணிக்கையில்தான் இருக்கிறது. டன்னுக்கு 200 ரூபாய் வாடகை ஏறினால் உங்கள் கைக்கு வருவது சில நூறு. மாதம் அரை நடை கூடினால் 3,500. 2017 ஜூலையில் ஜி.எஸ்.டி. வந்து விற்பனை வரிச் செக்போஸ்ட்கள் எடுபட்டபோதும், 2021 பிப்ரவரியில் ஃபாஸ்டேக் கட்டாயமானபோதும் வழியில் நிற்கும் நேரம் நன்றாகவே குறைந்தது. டிரைவருக்கு நல்ல காலம் என்றுதான் நானும் நினைத்தேன். ஓனர்கள் வேறு கணக்குப் போட்டார்கள். நேரம் மிச்சமாகிறதே, ஒற்றை ஆளே போதுமே என்று மாத்து டிரைவரையும் கிளீனரையும் குறைத்துவிட்டார்கள். பழைய டிரைவர்களுக்கு இதில் லாபம், படி முழுசாக வருகிறது. உங்களை மாதிரிப் புதியவர்களுக்குத்தான் நஷ்டம், தொழில் கற்றுக்கொள்ள இருந்த சீட்டே குறைந்துவிட்டது. இன்னொரு பக்கம், டிரைவர் கிடைக்கவில்லை என்று எல்லா ஓனரும் புலம்புகிறார்கள். அதனால் படி ஏறும் என்று சிலர் சொல்கிறார்கள். ஏறலாம், எனக்கு நிச்சயமில்லை. வாடகை ஏறாமல் படி மட்டும் தனியாக ஏறி நான் இதுவரை பார்த்ததில்லை.

டீசல் கணக்கைப் பற்றியும் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் புதியவர்களுக்கு அதைக் கூடுதல் வருமானம் என்று சொல்லிக் கொடுப்பார்கள். லிட்டருக்கு 4 கிலோமீட்டர் என்று ஓனர் ஓர் அளவு வைப்பார். அதைவிட மிச்சம் பிடித்தால் ஒரு பங்கு தருவார், குறைந்தால் படியில் பிடிப்பார். ஆக்சிலேட்டரை நிதானமாக மிதித்து, டயர் காற்றைச் சரியாக வைத்திருந்தால் நியாயமாகவே கொஞ்சம் மிஞ்சும். அதற்கு மேல் மிஞ்சுகிறது என்றால் இறக்கத்தில் நியூட்ரல் போடுகிறார்கள் என்று அர்த்தம். தர்மபுரிக்காரருக்குத் தொப்பூர் கணவாயைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. பெங்களூரிலிருந்து சேலம் வரும்போது அந்த இறக்கத்தில் கியரை எடுத்துவிட்டு, பிரேக்கையே நம்பி வந்து, பிரேக் சூடேறிப் பிடிக்காமல் போய், முன்னால் போன காரையெல்லாம் வாரிக்கொண்டு போன லாரிகள் எத்தனை! அந்த இறக்கத்தில் மிச்சமாகிற டீசல் இரண்டு டீக்குக் காணாது. டீசலை வழியில் விற்றுக் காசு பார்க்கலாம் என்று யாராவது சொன்னால் அந்த வண்டியில் ஏறாதீர்கள்.

மற்ற வகை வண்டிகளைப் பற்றிச் சுருக்கமாக. பார்சல், கன்டெய்னர் வண்டிகளில் மாதச் சம்பளமும் கிலோமீட்டர் படியும் தருகிற கம்பெனிகள் உண்டு. மண்டியில் காத்துக் கிடக்க வேண்டாம், பி.எஃப். இருக்கும். ஆனால் நேரக் கெடுபிடி அதிகம், இத்தனை மணிக்கு இங்கே என்று ஜி.பி.எஸ்.ஸில் பார்த்துக்கொண்டே இருப்பார்கள். கேஸ் டேங்கருக்கு நாமக்கல்தான் தலைநகரம். அதற்கு லைசென்ஸில் அபாயகரமான சரக்கு ஓட்டும் அனுமதி சேர்க்க வேண்டும். மூன்று நாள் பயிற்சி, அனுமதி மூன்று வருஷத்துக்குச் செல்லும். இரண்டாவது ஆள் வேண்டும் என்று எண்ணெய் நிறுவனங்கள் வற்புறுத்துவதால் புதியவருக்கு அங்கே இடம் கிடைப்பது சுலபம் என்று டேங்கர் ஓட்டும் நண்பர்கள் சொல்கிறார்கள். பிளான்ட் வாசலில் வரிசையில் நிற்கிற நாளையும் அவர்களே சொல்லித் திட்டுவார்கள்.

சரி, ஓசூர் வேலைக்கு வருவோம். 26 நாள், நாளைக்கு 8 மணி நேரம் என்றால் 208 மணி நேரம். 17,000-ஐ வகுத்தால் மணிக்கு 82 ரூபாய். லைன் வண்டியில் ஓட்டுவது, ஏற்றும்போது பக்கத்தில் நின்று மூட்டை எண்ணுவது, கயிறு இழுப்பது, இறக்கக் காத்திருப்பது எல்லாம் சேர்த்து 12 மணி நேரம் என்று குறைத்தே வைத்தாலும் 25 நாளுக்கு 300 மணி நேரம். 12,500-ஐ வகுத்தால் மணிக்கு 42. ராத்திரி வண்டிக்குள் படுத்திருப்பதை நான் கணக்கில் சேர்க்கவே இல்லை. 1961-இல் வந்த மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் நாளைக்கு 8 மணி, வாரம் 48, நீண்ட தூரத் தடத்தில் அதிகபட்சம் 10 மணி, 54 என்று வைத்திருந்தது. எங்கள் ஆபீஸில் அதைப் படித்தவன் நான் ஒருவன்தான் என்று நினைக்கிறேன். அப்புறம் இ.எஸ்.ஐ. மாதச் சம்பளம் 21,000 வரை உள்ளவர்களுக்கு அது உண்டு, உங்களிடம் பிடிப்பது முக்கால் சதவீதம்தான். அம்மா அப்பாவுக்கு வைத்தியம் அதில் நடக்கிறது என்றால் அதற்கும் ஒரு விலை போடுங்கள், ஏனென்றால் எங்கள் வட்டாரத்தில் நாலைந்து வண்டி வைத்திருக்கும் ஓனரிடம் பி.எஃப்., இ.எஸ்.ஐ. இரண்டையும் எதிர்பார்க்க முடியாது.

இவ்வளவையும் கேட்டுவிட்டு, பிறகு ஏன் ஜனங்கள் இந்தத் தொழிலுக்கு வருகிறார்கள் என்று கேட்பீர்கள். மூன்றாவது வருஷத்துக்கு அப்புறம் கணக்கு மாறுகிறது. தனியாக வண்டி கொடுக்க ஓனர் சம்மதிக்கிற நாளில் அந்த 18,000 முழுசாக உங்கள் பெயரில் விழும். சாப்பாடும் சில்லறைச் செலவும் பிடித்தமும் 10,000 போனாலும் 35,000 நிற்கும். எங்களிடம் 10 வருஷத்துக்கு மேல் இருக்கிற நாலு பேர் சராசரியாக இதை எடுத்துப் போகிறார்கள், தீபாவளிக்கு முந்தைய மாதங்களில் இன்னும் கூட. ஓசூர் ஒப்பந்த வேலையில் மூன்று வருஷம் கழித்து உங்களுக்கு என்ன கிடைக்கும் என்பது என்னைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும். ஆகவே நீங்கள் ஒப்பிட வேண்டியது 17,000-ஐயும் 45,000-ஐயும் அல்ல. இரண்டு மூன்று வருஷம் 12,000, 15,000 என்று குடும்பத்தை ஓட்ட முடியுமா, அதற்குப் பிறகு வருகிற 35,000-க்காக மாதம் 25 நாள் வீட்டை விட்டு இருக்க முடியுமா என்பதைப் பாருங்கள். வண்டியில் வசதியும் மெல்ல மெல்லத்தான் வரும். 2025 அக்டோபர் 1 முதல் தயாராகும் லாரிகளின் கேபினில் ஏ.சி. கட்டாயம். ஆனால் புது ஆளுக்குக் கொடுப்பது ஆபீஸிலேயே பழைய வண்டியாகத்தான் இருக்கும். ஜூன் மாதம் ராஜஸ்தான் பக்கம் போய் வந்தால் தெரியும். சொந்த லாரி வாங்குகிற பேச்சை இப்போதைக்கு எடுக்கவே வேண்டாம்.

போகிறதென்று முடிவு செய்தால், எந்த ஓனரிடம் சேர்ந்தாலும் நாலு விஷயத்தை வாயால் கேட்டுத் தெளிவு பண்ணிக்கொள்ளுங்கள். போன மூன்று மாதத்தில் அந்த வண்டி எத்தனை நடை அடித்தது. படிக்குள் எந்தெந்தச் செலவு அடங்கும். லோடு இல்லாமல் நிற்கிற நாளுக்குச் சாப்பாட்டுக் காசு உண்டா, வண்டி காத்துக் கிடந்ததற்குச் சரக்குக்காரர் ஹால்டிங் காசு கொடுத்தால் அதில் டிரைவருக்குப் பங்கு உண்டா. விபத்து என்றால் ஜாமீனுக்கும் வக்கீலுக்கும் யார் செலவு செய்வது. கடைசிக் கேள்வியைக் கேட்கத் தயங்காதீர்கள். 2024 ஜனவரியில் வடநாட்டு டிரைவர்கள் வண்டியை நிறுத்திவிட்டு ரோட்டில் உட்கார்ந்தது இந்தப் பயத்தில்தான். இடித்து ஆள் இறந்து, தகவல் சொல்லாமல் தப்பிப் போனால் 10 வருஷம் வரை சிறை என்று புதுச் சட்டத்தில் ஒரு பிரிவு வந்தது. அந்தப் போராட்டத்துக்குப் பிறகு, 2024 ஜூலையில் சட்டம் அமலுக்கு வந்தபோது அந்தப் பிரிவை மட்டும் அமல்படுத்தாமல் நிறுத்தி வைத்தார்கள். இன்னொன்று, லைசென்ஸ் அசலை யாரிடமும் கொடுத்து வைக்காதீர்கள், பெரிய முன்பணமும் வாங்காதீர்கள். 30,000 முன்பணம் வாங்கியவன் அந்த வண்டியை விட்டு இறங்க எத்தனை மாதம் ஆகிறது என்பதை என் நோட்டிலேயே பார்க்கிறேன்.

வேலையை ராஜினாமா செய்யாமல் முதலில் 12 நாள் லீவு கேளுங்கள். தெரிந்த டிரைவர் யாரிடமாவது சொல்லி, காசு எதிர்பார்க்காமல் ஒரு நடை கூடப் போய்விட்டு வாருங்கள். ஸ்டியரிங்கைத் தொடாவிட்டாலும் பரவாயில்லை. மூன்றாம் நாள் ராத்திரி இரண்டு மணிக்கு, கோலாப்பூர் தாண்டி, தூக்கம் கண்ணை அழுத்துகிற நேரத்தில் உங்களுக்கு என்ன தோன்றுகிறது என்று பாருங்கள். வடக்கே மழைக்காலம் முடிந்து, புரட்டாசி, ஐப்பசியில் போங்கள். அப்போதுதான் லோடு நிற்காமல் ஓடும், வண்டிக்கு ஆள் வேண்டும் என்று ஓனர்களே தேடுவார்கள், படி பேசவும் உங்களுக்குக் கொஞ்சம் இடம் இருக்கும்.